மூடி வைத்த வெற்றிலைக் கொடி

பக்கத்து வீட்டு சம்சுன்னிசா மறுபடியும் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிவிட்டிருந்தாள்.

ரக்ஷனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் இருந்த வெற்றிலைக் கொடியை அவள் மூடி வைத்ததே அந்தக் கண்ணுக்குப் பயந்துதான்.

அந்தத் தோ பாயோ அடுக்குமாடி புளோக்கில், ரக்ஷனாவின் வாசலைத் தாண்டித்தான் சம்சுன்னிசா லிஃப்டுக்குப் போவாள். நாற்பது வயதிருக்கும், பிள்ளை இல்லை. போகும்போதும் வரும்போதும் நிற்பாள். முதலில் கொடி, பிறகு ஜன்னல் வழியே தொட்டில்.

"கொடி என்னமா செழிச்சிருக்கு," என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். அந்த வாரமே இலையில் கறுப்புப் புள்ளி. பாப்பாவுக்கு வயிற்று உப்புசம், ஓயாத அழுகை.

இலையில் விளக்கெண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் வயிற்றில் போட்டால்தான் பாப்பா அடங்குவாள். தேக்கா சந்தையில் வாங்கினால் போச்சு என்றான் கணவன் ஆதவன். மருந்தடித்த இலையைப் பச்சைக் குழந்தைக்குப் போடுவதா என்று சீறினாள் ரக்ஷனா.

கான்வென்ட்டில் படித்தவள். திருஷ்டி என்றால் முன்பெல்லாம் சிரிப்பாள். பாப்பா பிறந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அன்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"அக்கா, ஏன் என் செடியில கை வைக்கிறீங்க? சாரல் அடிக்குதுன்னுதான் மூடியிருக்கேன்."

சம்சுன்னிசா ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"மழைக்காலம்மா. உள்ள எப்படி வேர்த்திருக்கு பாரு. காத்து போகாம ஈரம் நின்னா புள்ளி பரவும் லா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிசா சொல்ல வந்துட்டாங்க என்று முணுமுணுத்தபடி ரக்ஷனா விரிப்பை இறுக்கி இழுத்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இடுக்கு வழியாகத் தப்பித்த ஒரு கிளை, ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தது. அதன் இலைகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஒரே தொட்டி, ஒரே கொடி. சம்சுன்னிசா தினமும் பார்த்த இலைகள் பளபளவென்று இருந்தன. அவள் கண் படாமல் பொத்தி வைத்தவைதான் கறுத்து, கொழகொழத்து, நாற்றமெடுத்தன. விரிப்பின் உட்புறம் முழுக்க நீர் முத்துக்கள்.

ரக்ஷனா விரிப்பைப் பிடுங்கி எறிந்தாள். அழுகிய இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டாள். தொட்டியைக் காற்றோட்டமான பக்கம் நகர்த்தினாள். இலையில் தெளிக்காமல் வேரில் மட்டும் தண்ணீர் விட்டாள். மழையும் கொஞ்சம் விட்டது. புள்ளி பரவுவது நின்று, புதுத் தளிர் எட்டிப் பார்த்தது.

முதல் நல்ல இலையைப் பாப்பாவின் வயிற்றில் போட்டாள். அழுகை ஓய்ந்து பாப்பா கண்ணயர்ந்தபோது ரக்ஷனாவின் கண் நிறைந்தது. அந்த அக்கா சொல்லியிருக்காவிட்டால் கொடியே போயிருக்கும். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று உறுத்தியது. சொல்லலாம் என்றால் ஆளையும் கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் காணோம்.

பாப்பா விழித்ததும் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கொடி பிழைச்சிடுச்சு. உங்களாலதான். அன்னிக்கு நான் வெடுக்குன்னு பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. ஏன்க்கா இப்பல்லாம் எங்க வாசல் பக்கமே வர்றதில்ல? உடம்பு சரியில்லையா?"

சம்சுன்னிசாவின் முகம் மலர்ந்தது. ஆனால் பார்வை மட்டும் பாப்பாவின் மேல் படாமல் தரையிலேயே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கேன்மா. அந்தக் கோடியில இருக்கிற லிஃப்ட்ல போய் வர்றேன். நான் இந்தப் பக்கம் நடந்தா, நீ பயந்துக்கிட்டு மறுபடியும் கொடிய மூடிடுவியே."