கொழுத்த இலை

"மார்ச் 4. இன்று ஒரு சின்னத் தவறு. செடிக்குச் செடி ஒன்றரைச் சாண் இடைவெளி என்று மூலிகை நிலையத்தின் மாலை வகுப்பில் சொன்னதை, இரண்டரைச் சாண் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த இடைவெளி வருவதற்காக, நட்டிருந்ததில் முப்பத்தாறு கற்பூரவல்லி நாற்றைப் பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது. பூச்சி அரித்துவிட்டது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். இனி எண்களை இரண்டு முறை சரிபார்க்க வேண்டும்."

அந்தப் பக்கத்தை மட்டும் மை படிந்த இரண்டு விரல்களால் இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள் நோட்டுக்காரி. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

"படிடி! சார் காதுல விழற மாதிரி படி!" என்றாள் அண்ணி.

மூலிகைக் கொள்முதல் நிலையத்தின் சோதனைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் தட்டு நிறைய அண்ணியின் இலை. பச்சைப் பசேலென்று, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பக்கத்தில் இருந்த சீட்டில் ஒரே ஒரு சொல்: நிராகரிப்பு.

"மார்ச் ஐந்து. காலையில் ஆறு வாளி, மாலையில் ஆறு வாளி. மார்ச் ஆறு. இரண்டு கூடை எரு. மார்ச் ஏழு. வெயில் படாமல் நிழல் வலை கட்டினோம்..."

"கேட்டீங்களா? ஆலையில பார்த்த வேலையை விட்டுட்டு வந்து இந்தச் செடிக்குச் சேவகம் பண்ணியிருக்கேன். என் புள்ளைக்குக்கூட இப்படி நேரத்துக்குப் பால் ஊத்தினதில்லை. இதுல சத்து இல்லையாம்!"

"இலையில குறை இல்லம்மா. இலைக்குள்ள இருக்கிற எண்ணெய்தான் குறைவு. மருந்தே அதுதான். தண்ணியும் எருவும் அள்ளிக் கொட்டி, நிழல்லயும் வச்சா இலை கொழுக்கும், எண்ணெய் ஏறாது. கொஞ்சம் காய்ஞ்சு, வெயில்ல வதங்கினாத்தான் தன்னைக் காப்பாத்திக்க இந்தச் செடி எண்ணெய் சேர்க்கும்."

"ஓஹோ! அப்போ நல்லா வளர்த்தது என் குத்தம். பட்டினி போட்டிருந்தா மாலை போட்டு வரவேற்றிருப்பீங்க!"

நோட்டுக்காரிக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவேளை வாளிக் கணக்கைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று வழக்கம்போல ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் இரண்டரை மாதம் வாளி தூக்கிய தோள் இன்னும் வலித்தது. அந்த வலி பொய்யா?

அண்ணி சட்டென்று சுவரோர பெஞ்சைக் காட்டினாள். பக்கத்து வீட்டு டெய்லர் அங்கே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டேப், மடியில் துணிப்பை, கையில் 'முதல் தரம்' என்ற சீட்டு.

"இதோ இருக்காரே, தன் சட்டைக்கே பட்டன் தைக்க நேரமில்லாத மனுஷன். இவருக்கு முதல் தரம்! கொட்டி வச்ச ஜல்லியைத் தவிர என்ன இருக்கு இவர் கொல்லையில?"

"ஜல்லியைப் பத்திப் பேசாதம்மா. அது வீடு கட்ட வாங்கினது. பத்து வருஷமா கட்டப்போறேன்" என்றார் டெய்லர்.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க. உங்கமேல எனக்குக் கோபமில்லை. சார், நாத்து கொடுத்தது நீங்க. அவருக்கு உசத்தி நாத்து, எங்களுக்கு மட்ட நாத்து. அதை ஒத்துக்கிட்டு எங்க ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுங்க. இல்லேன்னா இந்தப் புகார் மேலிடத்துக்குப் போகும். கொடுடி!"

நோட்டுக்காரி நான்கு பக்கப் புகாரை நீட்டினாள். 'அநீதி' என்ற சொல் அதில் ஏழு முறை வந்திருந்தது. இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்திருந்தாள்.

சோதனைக்காரர் அதை வாங்கி மேஜையில் வைத்தார். "நாத்து மட்டம்னு ஆச்சுன்னா தப்பு எங்களுது. ஒப்பந்தம் உங்களுக்குத்தான். வளர்ப்புதான் காரணம்னா, அடுத்த அறுப்புல சரிபண்ணிக் காட்டுற வரைக்கும் ஒப்பந்தம் இல்லை. சம்மதமா?"

"நூறு தரம் சம்மதம்!"

அவர் நாற்று விநியோகப் பதிவேட்டை விரித்தார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடியும் மேலே போய் இறங்கியது.

"டெய்லர் பேரே இதுல இல்லையே. இவருக்கு நாங்க நாத்தே கொடுக்கலை."

"பார்த்தீங்களா! எழுதாமலே கொடுத்திருக்காங்க!" அண்ணியின் குரலில், வெளியே மூட்டையோடு நின்றவர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். "அண்ணே, பயப்படாதீங்க, நான் இருக்கேன். உங்களுக்கு அந்த உசத்தி நாத்தைக் கொடுத்த புண்ணியவான் யாரு? இத்தனை பேர் முன்னால சொல்லுங்க!"

டெய்லர் தலையைச் சொறிந்தார்.

"கொடுத்தாங்கன்னு சொல்ல முடியாதும்மா. மார்ச் மாசத்துல ஒரு நாள், கொல்லையில உக்காந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கிட்டிருந்தேன். உங்க வீட்டு மதில் மேலேர்ந்து ஒரு கட்டு நாத்து பொத்துன்னு என் தலையில விழுந்துச்சு. ஜல்லி மேல ஒதுக்கித் தள்ளினேன். ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலை, அதுபாட்டுக்குப் பிடிச்சுக்கிச்சு. வீசின ஆள் முகம் தெரியலை. கை மட்டும்தான் தெரிஞ்சுது. விரல்ல நீல மை."

நோட்டுக்காரி கையை நோட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்வதற்குள் அண்ணி திரும்பிவிட்டாள்.

"மே 21. நாளைய வேலை: நிழல் வலையைப் பிரிப்பது. வாளிகளைப் பரணில் போடுவது. மார்ச் 4-ஆம் தேதிப் பக்கத்தை, அண்ணி சொன்னபடி, வீட்டில் என் அண்ணன் காதில் விழுகிற மாதிரி படிப்பது."