பெயர்க் காரணம்

"சார், ஒரே ஒரு கையெழுத்து." மூன்றாவது தடவையாக வந்து நின்றாள் ஆய்வுக்கூட உதவியாளர். எள்ளளவு துணுக்கைக்கூடக் கண்டுவிடுவாள் என்பதால் அவளுக்குப் பட்டப்பெயரே பூதக்கண்ணாடிதான்.

பேராசிரியர் நிமிர்ந்து பார்க்காமல் கோப்பைப் புரட்டினார். சுரங்கப் பாறையில் அந்த ஊதாத் துணுக்கை முதலில் பார்த்தவள் அவள். புதுக் கனிமம்தான் என்று சோதனையில் உறுதியானதும், கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை மட்டும் எழுதி, அங்கீகாரம் கேட்கும் விண்ணப்பத்தை நேற்றே அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்து புகாரோடு வந்துவிட்டாளோ?

"விண்ணப்பம் போயாச்சும்மா," என்று எரிந்து விழுந்தார். "என் பேர்லதான் போயிருக்கு. இருபது வருஷமா கல்லோட மல்லுக்கட்டுறவன் நான். கண்ணுல பட்டதை வந்து சொன்னே, அவ்வளவுதானே? அதுக்கு உன் பேரையும் போடணுமா?"

அவள் முகம் சுண்டிப்போனது.

"அதுக்கு வரல சார். கண்டுபிடிச்சவங்க தன் பேரையே கனிமத்துக்கு வைக்கக் கூடாதாமே. அதான், கண்டுபிடிச்சது நான்னு போட்டு, கல்லுக்கு உங்க பேரை வைக்கலாம்னு நினைச்சேன். உயிரோட இருக்கறவங்கன்னா சம்மதக் கையெழுத்து வேணுமாம். இப்ப நீங்களே கண்டுபிடிச்சவர் ஆயிட்டீங்க. இனிமே உங்க பேரை வைக்க முடியாது சார்."

காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவருடைய பெயரை முத்து முத்தாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, பெயர் வைக்கக் காரணம் என்ற இடத்தில் ஒரே வரி:

'அடுத்தவர் உழைப்பைத் தனதென்று சொல்லத் தெரியாதவர்.'