கோபுரத்துக்கு மேலே இரண்டு தடவை

"பெருமாள் தலைக்கு மேல பறந்திருக்கே. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. அபசாரம்னு தோணலையாடா நோக்கு?"

யதிராஜன் கூடத்தில் நின்று போட்ட சத்தம் வீதிக்கோடி வரை கேட்டது. லீவில் வந்து இறங்கிய மகன் எம்பார் இன்னும் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அறுபத்தேழாம் வருஷம் அது. விமானச் சத்தம் கேட்டால் திருவள்ளூரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். அதில் ஒன்றை ஓட்டுகிறவன் தங்கள் வீதிப் பிள்ளை என்று எல்லோருக்கும் பெருமை. அப்பாவுக்கு மட்டும் இல்லை.

வாழையிலை கொண்டுவந்த அரசப்பன் வாசலில் நின்றபடி சிரித்தான்.

"இன்னா கேப்டன் சாரு, நேத்து எங்க கயனிக்கு மேலயே வண்டி வுட்டுகினு இருந்தீங்க. எங்க எருமை கயித்த அறுத்துகினு காக்களூர் வரைக்கும் ஓடிப்பூட்ச்சு. புடிச்சினு வர்றதுக்குள்ள ஒரே பேஜாரு."

"கேட்டுக்கோ," என்றார் யதிராஜன். "ஊர் சிரிக்கறது. கோயில்ல நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட தீர்த்தம் குடுப்பேன்?"

சமையலறையிலிருந்து அம்மா வைதேஹி எட்டிப் பார்த்தாள்.

"போறும், விடுங்கோ. அம்மாவைப் பார்க்கணும்னு குழந்தைக்குத் தோணியிருக்கும். மாடியிலேர்ந்து கையை ஆட்டினேனே, பார்த்தியாடா?"

"பார்த்தேம்மா."

அவன் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவன் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

முந்தின நாள் அவனும் துணை விமானியும் பெங்களூரிலிருந்து வந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை. மேகத்துக்குள் இருக்கும்போதே இரண்டு வேகமானிகளும் வெவ்வேறு கணக்குச் சொல்ல ஆரம்பித்தன.

"என்னோடது நூத்தம்பது காட்டுது சார்," என்றான் துணை விமானி ஜெயராஜ்.

"என்னோடது நூறுதான் காட்டறது."

நூறு சரியென்றால் இன்னும் கொஞ்சம் வேகம் குறைந்தாலும் விமானம் விழுந்துவிடும். நூற்றைம்பது சரியென்றால், வேகத்தைக் கூட்டக் கூட்ட ஈர ஓடுபாதையில் நிற்காமல் ஓடிவிடும். பின்னால் இருந்த நாற்பது பேரும் பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டிருந்தார்கள்.

மீனம்பாக்கத்துக்குச் சொல்லிவிட்டு, மேகத்துக்குக் கீழே வந்தார்கள். திருவள்ளூர்த் தெப்பக்குளம் தெரிந்தது. பக்கத்தில் கோபுரம். அப்பால், மழையில் கறுத்துக் கிடந்த தண்டவாளம்.

கல்லூரிக்குப் போன வருஷங்களெல்லாம் எம்பார் அந்தத் தண்டவாளத்தில்தான் போய் வந்தான். கரிப்புகை, புட்லூரில் ஓடி வந்து ஏறும் மோர்க்காரி, செவ்வாப்பேட்டை வருவதற்குள் முடித்துவிட வேண்டிய பாடம். எந்த ஸ்டேஷனுக்கு எந்த ஸ்டேஷன் எத்தனை மைல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

"ஜெயராஜ், தண்டவாளத்து மேலேயே போவோம். திருவள்ளூர்லேர்ந்து செவ்வாப்பேட்டைக்கு எவ்வளவு நேரம் ஆறதுன்னு பார்த்தா வேகம் தெரிஞ்சுடும்."

"காத்து பின்னாலருந்து தள்ளுதே சார்."

"அதனாலதான் திரும்பியும் வரணும். போறப்போ தள்ளற காத்து வர்றப்போ தடுக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா நடுவுல நிஜம் இருக்கும்."

போனார்கள். கோபுரம் வரைக்கும் திரும்பி வந்தார்கள். எந்த முள்ளை நம்புவது என்று தெரிந்தது. அதை நம்பி இறங்கினார்கள். தரையில் இறங்கியதும் மெக்கானிக்குகள் சோதித்துப் பார்த்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய் ஒன்றுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

இதை வீட்டில் சொல்ல முடியாது. விமானம் ஓட்டப் போகிறேன் என்று அவன் சொன்னபோது அப்பா ஆறு மாதம் பேசவில்லை. "தலைமுறை தலைமுறையாப் பெருமாளுக்குச் செஞ்ச கைங்கர்யத்தை விட்டுட்டு ஆகாசத்துல வண்டி ஓட்டறானாம்." அம்மாதான் அனுமதி கொடுத்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு.

"ஆபத்துன்னு ஒரு வார்த்தை என் காதுல விழுந்தா, அன்னிக்கே விட்டுட்டு வந்துடணும். பெருமாள் மேல சத்தியம் பண்ணு."

பண்ணியிருந்தான். இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. வேறு எதிலும் மனமும் இல்லை.

"வாயைத் திறந்து சொல்லேண்டா," என்றார் யதிராஜன். "ஊருக்குக் காட்டிக்கத்தானே சுத்தினே?"

"ஆமாம்ப்பா. தப்புதான்."

அரசப்பன் இலைக்கட்டை வைத்துவிட்டு நகர்ந்தான். வைதேஹிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காப்பி கலக்க உள்ளே போனாள்.

"வா, காலை அலம்பிக்கோ," என்று யதிராஜன் மகனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். மகனுக்கு என்றும் தண்ணீர் இறைத்துக் கொடுக்காதவர், அன்று தானே இறைத்தார். இறைத்துக்கொண்டே, ராட்டினச் சத்தத்துக்கு அடியில் மெல்லச் சொன்னார்:

"கார்த்தாலே ஜெயராஜ்னு ஒரு பையன் சன்னிதி வாசலுக்கு வந்தான். நான் கிறிஸ்தவன், உள்ளே வரலாமான்னு கேட்டான். நேத்து இந்தக் கோபுரம் கண்ணுல படலேன்னா நானும் இல்லை, எங்க கேப்டனும் இல்லைன்னான். ரெண்டு முள்ளு, ரெண்டு கணக்குன்னு ஆரம்பிச்சான். அப்புறம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துண்டே நின்னுட்டான்."

எம்பார் கால் அலம்புவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"எந்த முள்ளுடா சரியா இருந்தது?"

"அவனோடதுப்பா."

யதிராஜன் வாளியைக் கீழே வைத்தார். மகனின் தோளை ஒரு தரம் அழுத்திப் பிடித்தார்.

பின்கட்டுக் கதவு திறந்தது. வைதேஹி காப்பியுடன் வந்தாள். உடனே அவர் கையை எடுத்துக்கொண்டு, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்:

"அம்மாவுக்கு வேடிக்கை காட்டறேன்னு இன்னொரு தரம் ஊரைச் சுத்தினேன்னா, இந்த வீட்டுப் படியேறாதே, ஆமாம்."