ஊசி போடாத ரத்தம்

தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட, ஆய்வகத்துக்கு ஊசி போடாத ஒருவரின் ரத்தம் தேவைப்பட்டது. அங்கே வேலை பார்த்த ஹெப்சிபா மாதாமாதம் அதைத் தன் கணவன் ஜெபராஜிடமே எடுத்துவந்தாள். இந்த மாதம் அவன் ரத்தத்தில், புதிதாக ஊசி போட்டவர்களுக்குப் பெருகுவதுபோல, ஒரு வகை எதிர்ப்பு அணுக்கள் மட்டும் நூறு மடங்கு பெருகிக் கிடந்தன. கிருமியைப் பிடிக்கும் கொக்கிகளான அவற்றின் ஏற்பிகள் மஞ்சள் காய்ச்சல் கிருமியை மட்டும் பற்றிக்கொண்டன. ஆப்பிரிக்கா மாதிரித் தூரதேசம் போகிறவர்களுக்குத்தான் இங்கே அந்த ஊசியைப் போடுவார்கள்.

ராத்திரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, எங்கயாவது ஊசி போட்டீங்களா?”

“நானா? நீ குத்துறது பத்தாதாக்கும்!” என்று சிரித்தான்.

அவள் ரசத்தை ஊற்றினாள்.

“அடுத்த மாசமும் ரத்தம் எடுக்கணும். இருப்பீங்கல்ல?”

பிசைந்துகொண்டிருந்த அவன் கை நின்றது.