ஒரே ஒரு நாற்காலி

"இந்த சோபா இருக்கிற வரைக்கும் இந்த ரூம்ல நல்ல சவுண்டு கேக்காது டாக்டர்."

சவுண்டு மெக்கானிக் இப்படி ஆரம்பித்ததும் பல் டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முந்தின நாள் போனில் அவரே சொல்லிக்கொடுத்த வசனம்தான். பகலெல்லாம் பல்லைத் துளைக்கிற மிஷின் சத்தம். சாயங்காலம் பாட்டு கேட்க உட்கார்ந்தால் பக்கத்தில் மனைவி. புல்லாங்குழல் உச்சத்துக்கு ஏறும்போதுதான் அவளுக்கு, "மோட்டாரை அணைச்சீங்களா?" என்று கேட்கத் தோன்றும். ஒரு பாட்டையாவது தனியாக, முழுசாகக் கேட்டுவிட வேண்டும் என்று மனிதர் ஏங்கிப் போயிருந்தார்.

"சோபாவுக்கு என்ன குறை?" என்றாள் மனைவி.

"முதுகு உசரம் மேடம். காதுக்குப் பின்னாடி தோல் சாய்மானம் சுவர் மாதிரி நிக்குது. சத்தம் அதுல மோதித் திரும்பிக் குழப்புது. முதுகு தாழ்ந்த துணி நாற்காலி போடணும். சுவரை விட்டுத் தள்ளி, ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல. ஒண்ணே ஒண்ணு."

"அப்ப நான் எங்க உக்காருறது?"

மெக்கானிக் டேப்பை வைத்து மறுபடி அளந்தார். "ஒரு முழம் தள்ளி உக்காந்தாலும் பாட்டு ஒரு பக்கமா சாஞ்சிடும் மேடம். நான் என்ன பண்ண?"

மனைவியின் முகம் தொங்கிப்போயிற்று. "எட்டு வருஷமா இதுல ஒண்ணா உக்காந்து கேட்டோம்" என்று சோபாவைத் தடவினாள்.

டாக்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மோட்டாரைப் பற்றிக் கேட்டது ஒரு குற்றமா?

"விடும்மா. சோபாவே இருக்கட்டும். சவுண்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும், நாம சேர்ந்தே கேப்போம்."

"வேண்டாங்க" என்றாள் அவசரமாக. "எனக்காக நீங்க ஏன் விட்டுக்கொடுக்கணும்? நான் மாடி ரூம்ல இருந்துக்கறேன்."

இப்படிப்பட்டவளையா ஏமாற்றினோம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வழியனுப்புகிற சாக்கில் வாசலுக்குப் போய் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்னு உள்ள வந்து உண்மையைச் சொல்லிடுங்க."

"அது மட்டும் முடியாது டாக்டர்." மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க நேத்துதான் சொன்னீங்க. 'அவர் போடுற பாட்டை இனிமே ஒரு நாள்கூட என்னால உக்காந்து கேக்க முடியாது, எப்படியாவது ஒத்தை நாற்காலி போட வச்சிடுங்க'ன்னு மேடம் போன வாரமே போன் பண்ணிட்டாங்க."