பாயின் பல்ஸ்

தாவூது பாய் ஆஸ்பத்திரிக் குழாயடிக்குப் போய், கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தி நேர மக்ரிப் தொழ ஆரம்பித்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த மெஷினில் நூற்றுப் பதினெட்டாக இருந்த பல்ஸ், அவர் மெதுவாக ஓத ஓத, எண்பத்தாறுக்கு இறங்கியது.

பக்கத்துக் கட்டில் கோதண்டபாணி வாயைப் பிளந்தார். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, இதய பலவீனம். கொடுத்துவைத்த மனுஷன்!

தன் மெஷின் தலைமாட்டுப் பக்கம் இருக்கும் என்று நினைத்தார். திரும்பினால் நெஞ்சில் ஒட்டிய வயர் இழுத்தது. பார்க்கப் பயமாகவும் இருந்தது. பல்ஸ் குறையாவிட்டால் இன்றைக்கே புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸ் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோதண்டபாணியின் அண்ணன் அப்படித்தான் போனார், திரும்பி வரவில்லை.

பாய் தொழுது முடித்ததும் கேட்டார், "எப்டி பாய் இப்டி எறங்குது?"

"எனக்கென்னாங்க தெரியும்? ஒங்களுக்கும் சேத்துதான் துவா கேட்டேன்."

"கேட்டதெல்லாம் ஒங்க பக்கமே நின்னுடுச்சு போலருக்குது."

கோதண்டபாணிக்கு ரோஷம் வந்தது. விருத்தாசலத்துக்காரனுக்குப் பழமலைநாதர் இல்லையா என்ன? கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சாமி, பல்ஸக் கொறை. சூளையில பீங்கான் வெடிக்காம பாத்துக்க. மருமவனுக்குப் புத்தி குடு. இதையாவது ஒழுங்கா செய்யி!"

சூளை ஆட்களை அதட்டிப் பழகிய வாய், சாமியிடமும் அப்படித்தான் பேசியது. கண்ணைத் திறந்தால், நடு மெஷினில் நூற்று இருபத்தாறு.

"போச்சு! சாமி கட்டில மாத்திப்புட்டாரு!"

கும்பிட்டு ஊரான் பல்ஸை ஏற்றிவிட்ட ஒரே பக்தன், தானாகத்தான் இருக்கும். அவருக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. பாவம், நல்ல மனுஷன்.

"பாய், எனக்கோசரம் இன்னும் கொஞ்சம் ஓதுங்க. ஒங்களுக்கு ஏறிப்போச்சு."

பாய் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு ஓதினார். கோதண்டபாணி புதுச்சேரியை மறந்து, சூளையை மறந்து, அதையே கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் எண்பத்து நாலு காட்டியது. அப்பாடா என்று இருந்தது.

நர்ஸ் வெண்பா வந்து மெஷினைப் பார்த்தாள். "நல்லா எறங்கியிருக்குது. ஆம்புலன்ஸ் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"பாய் பொழைச்சாரு. என்னுது எவ்ளோம்மா?"

வெண்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாய்க்குக் காலையிலயே மெஷினக் கழட்டியாச்சுங்க ஐயா, இது ஒங்களுது!"