சாய்ந்த கோடு

கல்யாணப் படமே வேண்டாம் என்று மாப்பிள்ளை அழகரத்தினம் ஒற்றைக் காலில் நின்றான்.

காரணம் ஊருக்கே தெரியும். பெண் சீதேவிப்பிள்ளை அவனைவிட நாலு விரல் உயரம். மணவறையில் கூட்டாளிமார் சிரித்துச் சிரித்து அடித்த பகிடியே போதும் போதும் என்றாகிவிட்டது. அதைப் படமாக்கிச் சுவரில் வேறு மாட்ட வேண்டுமா? கல்யாணப் படங்களின் வழக்கப்படி அவன் கதிரையில் உட்கார்ந்து, அவள் பக்கத்தில் நின்றாலோ கேட்கவே வேண்டாம்.

ஆனால் பெண் வீட்டார் மட்டக்களப்புப் பட்டினத்திலிருந்து படம்பிடிக்கும் யோகராசாவை வரவழைத்துவிட்டார்கள். அந்த மனுசன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே வாவிக்கரைக்கு நடந்தார். அங்கே தலைப்பக்கம் மேட்டிலும் பின்பக்கம் தண்ணீரிலுமாக ஒரு தோணி சாய்ந்து கிடந்தது.

"படத்துக்கு உயிரே கோட்டிலதான் இரிக்கு," என்றார். "நேர்கோடு படுத்துக் கிடக்கும். சாய்ஞ்ச கோடு எழும்பி நடக்கும். பாக்கிறவன்ட கண் இந்தத் தோணி விளிம்பைப் பிடிச்சு மேல ஏற வேணும்."

தோணிக்குப் பின்னால் மாப்பிள்ளை மேட்டுப் பக்கமும் பெண் தண்ணீர்ப் பக்கமும் நிற்கவேண்டுமாம். சீதேவிப்பிள்ளை மறுபேச்சில்லாமல் கூறைச்சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள்.

அழகரத்தினத்தின் அக்கா அன்னப்பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ வாங்கிக் குடுத்த கூறைடா தம்பி. எப்பிடி நனைக்கிறாள் பாரு. என்ன திமிர்."

அவனுக்கும் அப்படித்தான் பட்டது. கரையில் ஏறி நிற்கச் சொன்னான். அவள் கேட்கவில்லை. இன்னும் ஓரடி ஆழத்துக்குப் போய் நின்றாள். படம் பிடித்து முடியும்வரை அவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தான்.

படம் வந்தது. அழகரத்தினத்துக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. தோணியின் விளிம்பு மூலையிலிருந்து ஏறிவர, அதன்மேல் பெண்ணின் முகம், அதற்கும் மேலே ராசா மாதிரி அவன். கால்களையெல்லாம் தோணி மறைத்துவிட்டது. பகிடி பண்ணியவர்களை எல்லாம் கூப்பிட்டு வெற்றிலை கொடுத்துக் காட்டினான்.

அடுத்த நாளே ஒரு சட்டி எருமைத் தயிரோடு யோகராசாவைத் தேடிப் போனான்.

"உங்கட கோடு என்ட மானத்தைக் காப்பாத்திப்போட்டுது அண்ணே."

யோகராசா சிரித்துக்கொண்டே தயிர்ச் சட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

"கோடு என்ட கோடுதான் தம்பி. ஆனா தயிர் எனக்குச் சேராது, வீட்ட கொண்டுபோங்க. 'அவர் சந்தோசமா நிமிந்து நிக்கிற மாதிரி ஒரு இடம் பாருங்க, வாவித் தண்ணியில எண்டாலும் சரி, என்ட சேலை நனைஞ்சா நனையட்டும்' எண்டு முதல்நாளே ஆளனுப்பினது உங்கட பொஞ்சாதி."